சிறைக்கூடமும் ஆட்சிமன்றமும்

இந்தியாவின் நாடாளுமன்றத்தில் அமர்வதற்கு ஒருவருக்கு வேண்டிய தகுதி யாது? இக்கேள்விக்கு விடை காண முற்படுவோர் அரசியல் சாசனத்தைப் புரட்டுவது வழக்கம். நாம் அதற்கு முன் புழல் சிறையின் மதிலருகே சற்று நிற்போம். அங்கே சட்டம் நமக்கு ஒரு விந்தையைக் காட்டுகிறது.

சென்னையின் வடபால், செங்குன்றம் ஏரி என்றும் வழங்கப்பெறும் புழல் ஏரியை அடுத்த பகுதியில், 2006ஆம் ஆண்டில் புழல் மத்திய சிறை திறக்கப்பெற்றது. சென்ட்ரல் புகைவண்டி நிலையத்திற்கு அருகே 1837 முதல் இருந்துவந்த பழைய சிறைக்கு மாற்றாக எழுந்தது இது. தண்டனை பெற்றோருக்கு ஒரு பிரிவு, வழக்கு முடியாத விசாரணைக் கைதிகளுக்கு ஒரு பிரிவு, பெண்களுக்குத் தனிச் சிறை என இது அமைந்துள்ளது. 2024 ஏப்ரல் 19ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று தமிழகம் முழுவதும் மக்களவைத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நடைபெற்றது. ஜும்ஆத் தொழுகைக்கு முன்னரும் பின்னருமாக நாமெல்லாம் வரிசையில் நின்று வாக்களித்தோம். மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அன்று சட்டம் என்ன விதித்தது?

சிறு திருட்டு வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பெற்று, ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் உள்ளே கிடக்கும் ஏழை ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அவன் வாக்களிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு தடுக்கிறது. அதே சிறையில் 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டப்படி காவலில் வைக்கப்பட்டவனோ அஞ்சல் வழியே வாக்களிக்கலாம். ஏனெனில் தடுப்புக் காவலில் இருப்போருக்கு அதே 62ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்து, ஜாமீனில் வெளியே உலவும் செல்வந்தர் தாராளமாக வாக்குச் சாவடிக்குச் செல்லலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, வாக்களிக்க முடியாத அந்த விசாரணைக் கைதி நாடாளுமன்றத்திற்கு வேட்பாளராக நிற்கலாம், வெல்லவும் செய்யலாம். தெரிவு செய்யும் தகுதி இல்லாதவனுக்குத் தெரிவு செய்யப்படும் தகுதி உண்டு!

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதைச் சுருங்கக் காண்போம்.

அரசியல் சாசனத்தின் 84ஆம் விதி கேட்பவை மிகச் சில. வேட்பாளர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். மக்களவைக்கு 25 வயதும் மாநிலங்களவைக்கு 30 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். சாசனத்திற்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தல் வேண்டும். வேட்பாளரிடமே நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி பெறும் ஏற்பாடு 1963இல் 16ஆம் திருத்தத்தால் வந்தது. திராவிட நாடு கோரிக்கையை மனத்திற் கொண்டே அத்திருத்தம் கொணரப்பட்டது என்பதும், மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா அதனை எதிர்த்து உரையாற்றினார் என்பதும் தமிழ் மக்கள் அறிந்த வரலாறு.

கல்வித் தகுதி ஒன்றும் கேட்கப்படவில்லை. 1949 நவம்பர் 26ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் நிறைவுரை ஆற்றிய டாக்டர் இராஜேந்திர பிரசாத் அவர்கள் இதற்காக வருந்தினார்கள். சட்டத்தை நடத்துவோருக்கும், நடத்த உதவுவோருக்கும் உயர்ந்த தகுதிகளைக் கேட்கும் நாம், சட்டத்தை இயற்றுவோருக்குத் தேர்ந்தெடுக்கப்படுதல் ஒன்றைத் தவிர வேறு தகுதி வைக்கவில்லையே என்பது அவர்களின் ஆதங்கம். ஆயினும், எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த அந்நாளில் பட்டப்படிப்பைத் தகுதியாக்கி இருந்தால், மக்களில் பெரும்பாலோர் அவைக்கு வெளியே நின்றிருப்பர். சபை அதனைச் செய்யாதது நன்றே என்பது என் கருத்து.

தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் மக்களவைக்கு இல்லை. நாட்டின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தால் போதும். சென்னையில் வாழ்ந்த கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்கள். அம்மக்கள் தம் ஊராரைத் தேடவில்லை. அமானிதம் பேணும் ஒருவரைத் தேடினார்கள்.

போகிற போக்கில் இன்னொன்றையும் சுட்டிச் செல்கிறேன். புழல் அடங்கிய மாதவரம் சட்டமன்றத் தொகுதி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. அது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பெற்ற தனித் தொகுதி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் நிலையை முதலில் இந்துக்களுக்கும், 1956இல் சீக்கியர்களுக்கும், 1990இல் பௌத்தர்களுக்கும் அளித்தது. அவர்களில் ஒருவர் கலிமாச் சொல்லி இஸ்லாத்தைத் தழுவினால் அந்நாளே தம் சொந்தத் தொகுதியில் நிற்கும் தகுதியை இழந்துவிடுகிறார். அவருடைய குடிசையும் மாறுவதில்லை. ஊரார் அவரைப் பார்க்கும் பார்வையும் பெரிதாக மாறுவதில்லை. இது தனியே எழுதப்பட வேண்டிய பொருள்.

தகுதிகள் இவ்வளவே. தகுதியிழப்புகளோ இன்னும் விரிவானவை. ஆதாயம் தரும் அரசுப் பதவி, சித்த சுவாதீனமின்மை, கடன் தீராத நொடிப்பு நிலை, கட்சித் தாவல் ஆகியவற்றை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது குற்றத் தண்டனை பற்றியது. இரண்டாண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர் தீர்ப்பு நாளிலிருந்தும், விடுதலைக்குப் பின் மேலும் ஆறு ஆண்டுகளுக்கும் தகுதி இழக்கிறார். பகைமையைத் தூண்டுதல் போன்ற சில குற்றங்களுக்கு அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டாலும் ஆறாண்டுத் தடை உண்டு. முன்னர், பதவியில் இருக்கும் உறுப்பினர் மூன்று மாதத்திற்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி பறிபோகாது என்றொரு சலுகை இருந்தது. 2013 ஜூலை 10ஆம் நாள் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. அத்தீர்ப்பின்படி முதன் முதலில் பதவி இழந்த நாடாளுமன்ற உறுப்பினர் ரஷீத் மசூத். மருத்துவக் கல்லூரி இடங்களைத் தகுதியற்றோருக்கு ஒதுக்கிய வழக்கில் 2013 அக்டோபரில் அவருக்கு நான்காண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. பெயரைக் கண்டு நாம் கூச வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. உங்களுக்கே எதிராயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சி பகருங்கள் என்பதன்றோ திருமறையின் கட்டளை!

இரண்டாண்டு என்னும் இக்கோடு மனிதர் வரைந்த கோடுதான். 2019 ஜூலை 5ஆம் நாள் வைகோ அவர்களுக்கு ராஜத்துரோக வழக்கில் சென்னை நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது. தண்டனை இரண்டாண்டுக்குக் குறைவாக இருந்தமையால், சில நாட்களுக்குள் அவர் மாநிலங்களவைக்குத் தேர்வாவதற்குத் தடையில்லாமற் போயிற்று. அதே மனிதர் 2002 ஜூலையில் மக்களவை உறுப்பினராக இருந்தபோதே பொடாச் சட்டத்தில் கைதாகி, வேலூர்ச் சிறையில் பத்தொன்பது மாதங்கள் இருந்தார். தண்டனை இல்லாத சிறைவாசம் அவர் உறுப்பினர் பதவியைத் தொடவில்லை.

மேற்சொன்ன 2013 ஜூலை 10ஆம் நாளன்றே உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பையும் வழங்கியது. சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது. வாக்களிக்க முடியாதவர் வாக்காளர் அல்லர். வாக்காளர் அல்லாதவர் வேட்பாளராக முடியாது. ஆகவே சிறையில் இருப்பவர் தேர்தலில் நிற்கலாகாது. தர்க்கம் நேரானது. மதரஸாவில் மன்திக் பாடம் நடத்துவோர் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகவே இதைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பருக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, சிறையில் இருப்பதனால் மட்டும் ஒருவர் வாக்காளர் என்னும் நிலையை இழக்கமாட்டார் என எழுதி, வேட்பாளரின் கதவைத் திறந்துவிட்டது. ஜூலை 10 முதலே அது செல்லும் என்றும் விதித்தது. வாக்காளனின் கதவு மட்டும் பூட்டியபடியே விடப்பட்டது. திருத்தம் செய்த கைகள் இரண்டு கதவுகளையும் ஒருங்கே கண்டவை. தமக்கு வேண்டிய கதவை மட்டும் திறந்தன.

இனி நம் கேள்விக்கு வருவோம். குற்றம் சாட்டப்பட்டவரை, தீர்ப்பு வருமுன்னரே, ஆட்சிமன்றத்திலிருந்து விலக்கி வைப்பது அறமாகுமா? ஆகும் என்போர் பலர். அவர்கள் நல்லெண்ணம் கொண்டோரே. கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் உள்ளவர்கள் சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்திருப்பதைக் கண்டு மனம் வெதும்பியவர்கள். அவர்களின் வேதனை நியாயமானது. ஆயினும் அவர்கள் கேட்கும் மருந்து நோயினும் கொடியது என்றே நான் கருதுகிறேன்.

ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று, மனிதன் இயல்பில் பொறுப்புக் குற்றங்களிலிருந்து நீங்கியவன் என்பது. அவன் மீது ஒன்றைச் சுமத்துபவனே ஆதாரம் கொணர வேண்டும். ஹதீஸ் அறிவிப்பாளர்களைச் சீர்தூக்கும் கலையில் நம் இமாம்கள் இதனினும் நுட்பமாகச் சென்றார்கள். ஓர் அறிவிப்பாளரைக் குறை கூறுவது ‘ஜர்ஹ்’ எனப்படும். அவர் நேர்மையாளர் எனச் சான்று பகர்வது ‘தஃதீல்’ எனப்படும். குறை கூறுவோர் காரணத்தை விளக்கினாலன்றி அதனை ஏற்கலாகாது என்பது இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதிய விதி. ஏனெனில் எது குறை என்பதில் மனிதர்கள் வேறுபடுவர். ஹதீஸ் கலையின் பேரறிஞரான ஷுஃபா (ரஹ்) அவர்களிடம், இன்னாரின் ஹதீஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வினவப்பட்டதாம். அவர் மட்டக் குதிரையொன்றை விரட்டி ஓட்டக் கண்டேன் என்றார்களாம்! காரணம் வெளியே வந்தபோதுதான் அது காரணமே அன்று என்பது உலகிற்குத் தெரிந்தது. பேரறிஞரின் பெயரால் வந்த குறைக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஆட்சியாளரின் காவல்துறை எழுதும் முதல் தகவல் அறிக்கைக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

மேலும், குற்றம் சாட்டும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறது? ஆள்வோர் கையில் இருக்கிறது. குற்றச்சாட்டே தகுதியிழப்பு என்று ஆக்கிவிட்டால், தம் எதிரிகளை அவைக்கு வரவிடாமல் தடுக்க ஆள்வோருக்குத் தேர்தலில் வெல்ல வேண்டிய தேவையே இராது. ஒரு கைது போதும். நெருக்கடி நிலையின் முடிவில் 1977இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்தபடியே முசாஃபர்பூரில் வென்றார். 2024இல் திகார் சிறையிலிருந்த அப்துர் ரஷீத் ஷேக், பாரமுல்லாவில் உமர் அப்துல்லாவைத் தோற்கடித்தார். ஜூலை 5ஆம் நாள் காவலர் சூழ அழைத்து வரப்பட்டு உறுதிமொழி எடுத்துத் திரும்பவும் சிறைக்குச் சென்றார். இவர்களின் கொள்கைகளை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் இலட்சக்கணக்கான மக்களின் தீர்ப்பைக் காவல் நிலையத்தின் ஒரு தாள் தடுத்திருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

நம் தமிழ் மண்ணிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. கேரளத்தின் அப்துல் நாஸிர் மஃதனி 1998இல் கைதாகிக் கோவைச் சிறையில் ஒன்பதாண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்தார். 2007 ஆகஸ்ட் 1ஆம் நாள் கோவைக் குண்டுவெடிப்பு வழக்கில் அவர் குற்றமற்றவர் என நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஒன்பதாண்டுகளைத் திருப்பித் தரும் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மறுபுறம், 1996இல் தொடங்கிய ஜெயலலிதா அவர்களின் சொத்துக் குவிப்பு வழக்கில் முதல் தீர்ப்பு வர 2014 செப்டம்பர் 27 ஆயிற்று. உச்ச நீதிமன்றத்தின் முடிவு வந்த 2017 பிப்ரவரி 14ஆம் நாள் அவர் உயிரோடு இல்லை. இலட்சத்தீவு உறுப்பினர் முஹம்மது ஃபைஸல் 2023 ஜனவரி 11ஆம் நாள் தண்டிக்கப்பட்டார். இரண்டே நாட்களில் பதவி பறிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் ஜனவரி 25ஆம் நாள் தீர்ப்பை நிறுத்தி வைத்த பின்னும் பதவி திரும்பி வர மார்ச் 29 ஆயிற்று. இத்தகைய தராசில் எடை போட்டு, குற்றச்சாட்டையே முடிவாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, சட்டம் கதவை அடைக்க வேண்டாம் என்கிறேன். ஆனால் சட்டம் அடைக்காத கதவில் எல்லாம் நுழைவது அறமாகிவிடாது. இவ்விடத்தில்தான் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நமக்கு வழி காட்டுகிறது.

அவர்கள் செய்யாத குற்றத்திற்காகச் சிறையில் சில ஆண்டுகள் கழித்தார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. செல்வாக்குடையோரின் மானத்தைக் காக்க ஓர் இளைஞர் உள்ளே தள்ளப்பட்டார். இக்காலச் சொல்லில் கூறினால் விசாரணையே நடவாத விசாரணைக் கைதி! அரசன் கனவு காண்கிறான். அவர்கள் விளக்கம் அளிக்கிறார்கள். அரசன் வியந்து அழைத்துவர ஆள் அனுப்புகிறான். எவராயினும் என்ன செய்வார்? ஓடி வந்திருப்பார். யூசுஃப் (அலை) அவர்களோ தூதனைத் திருப்பி அனுப்பினார்கள். கைகளை வெட்டிக்கொண்ட அப்பெண்களின் செய்தி என்னவென்று உன் எஜமானனிடம் கேள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதாவது, அவர்கள் விடுதலையைக் கேட்கவில்லை, விசாரணையைக் கேட்டார்கள். விசாரணை நடந்தது, பெண்கள் அவர்களின் தூய்மையை ஒப்புக்கொண்டார்கள், அஜீஸின் மனைவி உண்மையை வெளியிட்டாள். அதன் பின்னரே அவர்கள் அரசவைக்கு வந்தார்கள். அதன் பின்னரே, நாட்டின் களஞ்சியங்களுக்கு என்னைப் பொறுப்பாளனாக்குக எனக் கேட்டார்கள். யூசுஃப் சிறையிலிருந்த காலம் நான் இருந்திருந்தால் அழைத்தவருக்கு உடனே பதிலளித்திருப்பேன் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பணிவோடு கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. அந்தப் பொறுமையின் உயரத்தை நமக்கு அளந்து காட்டும் சொல் அது.

ஒழுங்கு முறையைக் கவனியுங்கள்: முதலில் விசாரணை, பிறகு விடுதலை, பிறகு பதவி. நம் காலத்தில் இம்முறை தலைகீழாகிறது. பதவியைக் கொண்டு விடுதலை தேடுகிறார்கள்; விடுதலையைக் கொண்டு விசாரணையைத் தள்ளுகிறார்கள். புழலிலேயே நாம் கண்டதுண்டு. 2023 ஜூனில் அமலாக்கத் துறையால் கைதான வி. செந்தில் பாலாஜி, புழல் சிறையில் இருந்தபோதும் பல மாதங்கள் இலாகா இல்லாத அமைச்சராக நீடித்தார். 2024 பிப்ரவரியில் விலகினார். செப்டம்பர் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. மூன்றே நாட்களில் மீண்டும் அமைச்சரானார். உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பின் 2025 ஏப்ரலில் மறுபடியும் விலகினார். அவ்வழக்கின் மெய் பொய்யை நான் பேச வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. மேற்கூறிய விதிப்படி அவரைக் குற்றமற்றவராகவே கருதுவேன். குற்றமற்றவர் என்பதனாலேயே கேட்கிறேன்: களங்கம் நீங்கும்வரை காத்திருப்பது ஒருவருக்கு இழப்பா?

இதற்கு மாறாக, முப்பது நாள் தொடர்ந்து காவலில் இருந்தாலே அமைச்சர் பதவி போய்விடும் எனக் கூறும் 130ஆம் அரசியல் சாசனத் திருத்த மசோதா 2025 ஆகஸ்ட் 20ஆம் நாள் மக்களவையில் கொண்டுவரப்பட்டு, கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. இது உறுப்பினர் பதவியைப் பற்றியதன்று. ஆயினும் அதன் கருத்து ஒன்றே. யூசுஃப் (அலை) தாமாகவே முன்வந்து செய்ததை, கைது செய்யும் அதிகாரம் உடையவன் கட்டளையாகச் செய்ய வைப்பது இது. ஒருவர் தம் நாணத்தால் விலகி நிற்பதும், அவரை மற்றொருவர் பிடித்துத் தள்ளுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம்.

யூசுஃப் (அலை) அவர்கள் பதவியைக் கேட்டார்களே, பதவியைக் கேட்பவருக்கு நாம் அதனைக் கொடுப்பதில்லை என நாயகம் (ஸல்) அவர்கள் அபூ மூஸா (ரலி) அவர்களின் உறவினரிடம் கூறினார்களே, இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என மாணவர்கள் கேட்பதுண்டு. இமாம் குர்துபீ (ரஹ்) முதலிய விரிவுரையாளர்கள் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். பஞ்சம் வரப்போகிறது, அதனைச் சமாளிக்கும் அறிவு தமக்கே உண்டு, வேறெவரும் இலர் என்று அறிந்தவர் கேட்பது கடமையாகிறது. அதுவன்றி, அவர்கள் தம் குலப் பெருமையைச் சொல்லவில்லை. உலகமே வியந்த அழகைச் சொல்லவில்லை. தாம் ‘ஹஃபீழ்’ என்றும் ‘அலீம்’ என்றும் இரண்டை மட்டுமே சொன்னார்கள். பாதுகாப்பவன், அறிந்தவன். பொருளைக் காக்கும் நேர்மை ஒன்று. தொழிலை அறிந்த திறமை மற்றொன்று. நேர்மை மட்டும் போதாது. அபூதர் (ரலி) அவர்களைக் காட்டிலும் வாய்மை மிக்கவர் யார்? அவர்கள் பொறுப்புக் கேட்டபோது, நீர் பலவீனர், இதுவோ அமானிதம் என்று அண்ணலார் (ஸல்) மறுத்துவிட்டார்கள். 25 வயதும் குடியுரிமையும் கேட்கும் சாசனம் இவ்விரண்டையும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. நேர்மையை அளக்கும் படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

அப்படியானால் அளப்பவர் யார்? வாக்களிக்கும் நாமே. பாக்தாதின் ஷாஃபிஈ பேரறிஞர் மாவர்தீ (ரஹ், மறைவு 1058) தம் ஆட்சியியல் நூலில் தலைவருக்குரிய தகுதிகளோடு நில்லாமல், தலைவரைத் தெரிவு செய்வோருக்கும் மூன்று தகுதிகளை வகுத்தார்கள்: நேர்மை, தகுதியுடையவரை அறியும் அறிவு, மிகப் பொருத்தமானவரைத் தேரும் ஆலோசனைத் திறன். அவர்கள் பேசியது கிலாஃபத்தைப் பற்றி. வாக்குச் சீட்டைப் பற்றியன்று. ஆயினும் பொறுப்பின் இரண்டாம் பாதியை அவர்கள் மறக்கவில்லை. முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கினைச் சாட்சியம் என்றும், பரிந்துரை என்றும், வகாலத் என்றும் மூவகையாக விளக்கினார்கள். பணம் பெற்றுச் சாட்சி சொல்பவனுக்கு நம் ஊரில் என்ன பெயரோ அதே பெயர்தான் பணம் பெற்று வாக்களிப்பவனுக்கும்.

சாட்சி சொல்ல அறிவு வேண்டும். அதற்கு இன்று வழியும் உண்டு. 2002 மே 2ஆம் நாளும் 2003 மார்ச் 13ஆம் நாளும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால், வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் மீதுள்ள வழக்குகளையும், சொத்தையும் கடனையும், கல்வியையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருவது கட்டாயமாயிற்று. உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களின் சொத்தைக் கணக்கெழுதி வைத்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுவதை நாம் மேடைதோறும் பெருமையோடு பேசுகிறோம். நம் தொகுதி வேட்பாளரின் பத்திரத்தை வாசித்தவர் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? ஒரு ஹதீஸுக்காக அறிவிப்பாளரின் பிறப்பு, பயணம், நினைவாற்றல், கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் துருவி ஆராய்ந்த சமுதாயம் நாம். தேர்தல் வந்தால் மட்டும், நம்மவரா என்ற ஒரு கேள்வியோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

சாட்சியம் என்ற சொல் மீண்டும் நம்மைப் புழல் மதிலருகே கொண்டு சேர்க்கிறது. ஒரு மனிதனின் சாட்சியத்தை எப்போது தள்ளலாம் என்பது ஃபிக்ஹு நூல்களில் விரிவாகப் பேசப்படும் பொருள். கற்புள்ள பெண் மீது அவதூறு கூறி, நால்வர் சாட்சி கொணராமல் தண்டிக்கப்பட்டவனின் சாட்சியம் ஏற்கப்படாது என்பது திருமறையின் தீர்ப்பு. தவ்பாச் செய்தோர் நீங்கலாக என்று அடுத்த வசனம் கூறுகிறது. இவ்விலக்கு எதனைச் சாரும்? அவன் பாவி என்னும் பெயரை மட்டுமே நீக்கும், சாட்சியம் ஒருநாளும் ஏற்கப்படாது என்பர் ஹனஃபீக்கள். சாட்சியமும் மீளும் என்பர் ஷாஃபிஈகள். தமிழகத்தில் இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறோம். இன்றைய நாட்டு வழக்கிலும் இதே கருத்து வேறுபாடு தலைகாட்டுகிறது. தண்டனை பெற்றோருக்கு விடுதலைக்குப் பின் ஆறாண்டுத் தடை போதுமா, வாழ்நாள் தடை வேண்டுமா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். அதனை முடிவு செய்வது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என 2025 பிப்ரவரியில் மத்திய அரசு மனுத் தாக்கல் செய்தது. திருந்தியவனுக்கு வழி திறந்திருக்க வேண்டும் என்னும் ஷாஃபிஈ வழியே இதில் என் மனத்திற்கு உகந்தது. ஆனால் கவனியுங்கள்: இரு மத்ஹபினரும் வேறுபடுவது குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவன் விஷயத்தில் மட்டுமே. வெறும் குற்றச்சாட்டினால் ஒருவனின் சாட்சியம் செத்துவிடும் என்று இருவருமே சொல்லவில்லை.

நம் சட்டம் அதனைத்தான் சொல்கிறது. 1997இல் உச்ச நீதிமன்றமும் இத்தடையை ஏற்றது; காவலர் பற்றாக்குறை, பாதுகாப்பு, ஏற்பாட்டுச் சிரமம் ஆகியவை காட்டப்பெற்ற காரணங்களுள் சில. நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள் என 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரம் கூறுகிறது. மக்கள்தொகையில் நமக்குள்ள விகிதத்தினும் சிறைகளில் நம் விகிதம் கூடுதல் என்பதையும் அரசு வெளியிடும் கணக்குகளே தொடர்ந்து காட்டி வந்துள்ளன. ஜாமீன் தொகை கட்ட முடிந்தவன் வெளியே வந்து வாக்களிக்கிறான். முடியாதவன் உள்ளே இருந்து வாக்கை இழக்கிறான். ஆக, இங்கே வாக்குரிமையை அளக்கும் அளவுகோல் குற்றமும் அன்று, நேர்மையும் அன்று. மடியில் உள்ள பணம்.

ஏற்பாட்டுச் சிரமம் என்னும் காரணம் எவ்வளவு தாங்கும்? தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 1999இல் சிறைவாசிகளுக்கு வாக்களிக்க ஏற்பாடு செய்யுமாறு தேர்தல் ஆணையத்திற்கு உத்தரவிட்டது. பாகிஸ்தானின் 2017ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் சிறையில் இருப்போருக்கு அஞ்சல் வாக்கினை அனுமதித்துள்ளது. அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு அஞ்சல் வாக்குச் சீட்டைச் சிறைக்குள் கொண்டு சேர்த்து, முத்திரையிட்டுத் திருப்பிப் பெறும் முறையைச் சட்டம் முன்னரே வகுத்து வைத்திருக்கிறது. அந்த உறை புழல் சிறையின் வாயிலைக் கடந்து குண்டர் சட்டக் கைதியின் அறைவரை செல்ல முடியுமாயின், அடுத்த அறையில் ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் காத்திருப்பவனிடம் செல்வதைத் தடுப்பது எது என்பதை, நம் வாக்கைக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் நாம் கேட்க வேண்டும்.